பின்பனிப் பாலை

பாலைத் திணைக்குப் பொழுது வகுத்த தொல்காப்பியர், வேனிலையும் நண்பகலையும் கூறியதோடு அமையாது, பின்பனியும் அதற்கு உரியது என்றார். வெயில் சுடும் வழியே பாலை என்று பயின்ற மாணவர் இவ்விடத்திற் சற்றுத் தயங்குவர். பனிக்கும் பாலைக்கும் இயைபு என்னை என வினவுவர். ஆசிரியர் கருதிய பனி நம் நாட்டிற் பெய்யும் பனியே. பஞ்சுபோற் பொழியும் வெண்பனியை அவர் கண்டிருக்க மாட்டார். ஆயினும், செல்லும் வழியை அரிதாக்க வெம்மைதான் வேண்டுமென்பதில்லை என்ற உண்மையைக் கனடா நாட்டு ரொறன்ரோ மாநகரில், என் மகள் வீட்டில் ஒரு பனிக்காலம் தங்கியபோது என் கால்கள் எனக்குக் கற்பித்தன.

மகளின் இல்லம் அந்நகரின் கிழக்குப் பகுதியாகிய ஸ்காபரோவில் உள்ளது. ஈழத்தமிழர் பெருந்தொகையினராய் வாழும் இடம் அது. வீட்டு வாசலிலிருந்து பஸ் தரிப்பிடம் ஏறத்தாழ 700 மீற்றர். நூல்நிலையம் செல்லும் பொருட்டு அவ்வழியை நாள்தோறும் நடந்தேன். நம்மூரில் இது பத்து நிமிட நடை. மாசி மாதத்து ஸ்காபரோவிலோ அரைமணி நேரமும் போதாத நாள்கள் இருந்தன.

பஸ் தரிப்பிடம் இத்துணைத் தொலைவில் அமைந்தமைக்குக் காரணம் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிற் பண்ணை நிலமாக அளக்கப்பட்ட பகுதி அது. பெருவீதிகள் ஏறத்தாழ 2 கிலோமீற்றர் இடைவெளியிற் சதுரஞ் சதுரமாக ஓடுகின்றன. இரண்டாம் உலகப் போரின் பின்னர், அச்சதுரங்களின் உள்ளே வளைந்து வளைந்து செல்லும் தெருக்களை அமைத்து வீடுகளைக் கட்டினர். கார் உடையவர்க்கென எழுந்த வீடுகள் அவை. பஸ் வண்டிகள் பெரும்பாலும் பெருவீதிகளிலேயே ஓடுகின்றன. ஆனால், இன்று அங்கே நடந்து செல்வோர் புதிதாகக் குடியேறியோர், மாணவர், முதியோர், விடியுமுன் வேலைக்குப் புறப்படுவோர். ஊரை வகுத்தவர் எண்ணாதவர்களே இன்று அதன் தெருக்களில் நடக்கின்றனர்.

2025 ஆம் ஆண்டு பெப்ரவரியில் அடுத்தடுத்து வந்த புயல்கள் சில நாள்களுள் 50 சதமமீற்றருக்கும் மேற்பட்ட பனியைக் கொட்டின. பெய்த பொழுதில் வெண்பனி பெருந்துன்பஞ் செய்வதில்லை. ஆற்றுமணலில் நடப்பது போன்றிருக்கும். துன்பம் அதன் பின்னரே தொடங்கும். பொறிவண்டிகள் வந்து பெருவீதியின் பனியை வழித்து ஒதுக்குகின்றன. ஒதுக்கிய பனி ஓரத்தில் வரப்பாய்க் குவிகிறது. சிறு பொறி வந்து நடைபாதையைத் திறந்தபோதிலும், சந்தியிலும் பஸ் தரிப்பிடத்திலும் அவ்வரப்பு இடுப்பளவில் நிற்கும். பகலில் உருகிய நீர் இரவில் உறைந்து கண்ணாடியாகிக் கீழுள்ள தாரின் நிறத்தையே காட்டும். வெறுந்தரை என நம்பி வைத்த கால் வழுக்கும். உப்புத் தூவுவர், குளிர் -10 பாகைக்குக் கீழே சென்றால் உப்பின் வலியுங் குன்றிவிடும். அக்குளிரில் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்திற் காற்று வீசுமாயின், உடல் உணர்வது ஏறத்தாழ -20 பாகை என்பர்.

அத்தரிப்பிடத்தில் நாள்தோறும் நம்மவர் ஒருவரைக் காண்பேன். அறுபது கடந்த அம்மையார்; முதியோர் இல்லமொன்றிற் சமையல் வேலை செய்பவர். "இவ்வழியில் நாளும் வருகிறீர்களே, அம்மா, அச்சமில்லையோ?" என வினவினேன். "பஸ்ஸுக்குள்ள ஏறிட்டால் பயமில்லை ஐயா. வீட்டுவாசலிலயிருந்து பஸ் மட்டும் வாறதுதான் பயம். விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சால் வேலையும் போச்சு, நானும் போச்சு" என்றார். அவருடைய மாதச் சம்பளத்தில் ஒரு பங்கு ஊரிலுள்ள தங்கையின் குடும்பத்துக்கு வருகிறது. நம்மவர் இல்லங்கள் பலவற்றில் எரியும் அடுப்பு, அத்தகைய வழுக்கு நிலத்தில் வைக்கும் அடிகளை நம்பியிருக்கிறது.

வழியின் ஏதங்களை முன்கூட்டி உரைப்பது நம் முன்னோர் ஓர் அறமாகக் கொண்ட செயல். மலைபடுகடாம் பாடிய பெருங்கௌசிகனார், நன்னனிடம் செல்லும் கூத்தர்க்குப் பரிசிலின் பெருமையை மட்டும் கூறி அமையவில்லை. பன்றிக்கு வைத்த பொறிகள் உள்ளமையால் விடிந்தபின் செல்லுமாறும், பாசி படர்ந்து அடி தளரும் இடத்தில் அருகிலுள்ள மெல்லிய கோல்களைப் பற்றிக் கடக்குமாறும் உரைக்கின்றார். பிள்ளைகளைக் காணப் பனிக்காலத்திற் கடல் கடக்கும் பெற்றோர்க்கு யானும் சில கூறுவேன். அடியைக் குறுக்கி, முழுப் பாதமும் பதிய நடமின். கைகளைச் சட்டைப் பையுள் இடாதீர். விழும்போது தாங்குவன அவையே. சுமையை முதுகில் இடுமின். சப்பாத்தின் அடியிற் பூட்டும் இரும்பு முட்கள் விற்கின்றனர், வாங்கத் தயங்காதீர். இந்நடையைப் பென்குயின் நடை என்பர் அங்குள்ளோர். நம் புலவர் அதனைக் கண்டிருப்பின் அன்னத்தைக் கைவிட்டிருப்பர் போலும்!

எனினும், நடப்பவர் காக்கும் காவல் மட்டும் போதாது. வழி அமைப்போர்க்கும் கடமை உண்டு. ரொறன்ரோ நகரம் 2021 ஆம் ஆண்டுப் பனிக்காலந் தொடக்கம், பொறிகொண்டு நடைபாதை துப்புரவாக்கும் பணியை நகரெங்கும் விரித்தது. அது நற்செயல். சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோம் நகரமோ வரிசையையே மாற்ற முனைந்தது: நடைபாதை, சைக்கிள் பாதை, பஸ் பாதை ஆகியவற்றை முன்னும், ஏனைய வீதிகளைப் பின்னும் வழிப்பது அதன் முறை. 2016 ஆம் ஆண்டு நவம்பரிற் பெரும்பனி பொழிந்தபோது அம்முறை தடுமாறிப் பழிப்புக்கு ஆளாயிற்று என்பது மெய்யே. ஆயினும் அதன் அடிப்படை நேரியது. சிறிதளவு பனியைக் கார் எளிதிற் கடக்கும். குழந்தை வண்டி தள்ளும் தாயும் கோலூன்றும் முதியவரும் கடத்தல் அரிது. மெலியார் செல்லும் வழியை முதலிற் சீர்செய்தல் வேண்டும் என்பது எந்நாட்டுக்கும் பொருந்தும் நீதியாகும்.

மாசி பங்குனியில் அயல்நாட்டுப் பிள்ளைகளோடு தொலைபேசியிற் பேசும் அன்பர்காள்! உண்டீரோ, உறங்கினீரோ என்று கேட்டபின், பஸ் தரிப்பிடம் வரை வழி எப்படி என்றும் ஒரு சொற் கேளுங்கள்.