வைரஸின் உறையைக் குலைக்கும் களிமண்

தாம்பரத்துக்குத் தென்கிழக்கே, சிறுசேரி பக்கம் வீடு கட்டியவர்களுக்குத் தெரியும்: மழையில் உப்பி, கோடையில் வெடித்து, சுவரில் விரிசல் விழவைக்கும் களிமண். களிமண் இப்படி உப்புவதற்கு முக்கியக் காரணம் மான்ட்மோரில்லோனைட் என்ற கனிமம். அதற்கு இன்னொரு குணமும் உண்டு, நேயர்களே! கொரோனா, இன்ஃப்ளூயன்சா வைரஸ்களுக்குக் கொழுப்பாலான மேலுறை இருக்கிறது. அது சிதைந்தால் தொற்றும் திறன் போய்விடும். அதேபோல் உறையுள்ள, பாக்டீரியாவை மட்டும் தாக்கும் ஃபை6 வைரஸை இந்தக் கனிமத்தோடு கலந்து பார்த்தார்கள் நியூயார்க் ஆய்வாளர்கள். துகள்களில் ஒட்டிய வைரஸின் உறை குலைந்துபோயிருந்தது! 2014இல் வெளியான முடிவு இது. சோதனைக்கூடத்தில் கண்டதுதான், தோட்டத்து மண்ணை மருந்தென்று பூசிக்கொள்ளாதீர்கள். உறையே இல்லாத போலியோ வைரஸோ, களிமண்ணில் ஒட்டிக்கொண்டு இன்னும் நெடுநாள் தாக்குப்பிடிக்கக்கூடும்.