முத்திரை எடையும் ஊர் வழக்கமும்

எடையும் அளவும் ஒழுங்காக இருந்தால் வியாபாரமும் ஒழுங்காக நடைபெறும் என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும் முத்திரை பெற்ற எடைக்கல் மாத்திரம் குடியானவனுடைய நஷ்டத்தைப் போக்கிவிடாது. கல்லைத் திருத்துவது சட்டம். களத்து வழக்கத்தைத் திருத்த வேண்டியவர்கள் ஊராரே.

முற்காலத்தில் சென்னை ராஜதானியில் 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு, 20 மணங்கு ஒரு பாரம் என்று வாய்பாடு வழங்கிற்று. தானியத்தையோ படியாலும் மரக்காலாலும் அளந்தனர். மரக்கால் என்னும் பெயர் ஒன்றாயினும் அதன் கொள்ளளவு ஊருக்கு ஊர் வேறுபட்டது. ஒரே மரக்காலைத் தலை தட்டி அளந்தால் ஓர் அளவு. குவித்து அளந்தால் வேறோர் அளவு. கடன் தானியத்தைத் தலை தட்டிக் கொடுத்துக் குவித்து வாங்கினால், பேசிய வட்டிக்கு மேல் பேசாத வட்டியும் ஏறும்.

1956ஆம் ஆண்டில் நாடு முழுமைக்கும் ஒரே விதமான எடை அளவுச் சட்டம் இயற்றப்பட்டது. 1958 அக்டோபர் முதல் கிலோகிராம் எடைகள் படிப்படியாகப் புழக்கத்திற்கு வந்தன. மரக்கால் வேற்றுமை இவ்வாறு நீங்கிற்று. ஆனால் தராசு சரியாக இருந்தும், சாக்கு, தூசி, ஈரம் என்று கணிசமாய்த் தள்ளும் வழக்கம் உள்ள இடத்தில் குறைவு வேறு வழியாக வருகிறது. குவிண்டாலுக்கு 2 கிலோ தள்ளப்படுவதாக வைத்துக்கொண்டால், 10 குவிண்டால் கம்பு கொண்டுவந்தவர் 20 கிலோவை விலையின்றி விட்டுச் செல்கிறார்.

இவ்வழக்கத்திற்கு வியாபாரி மாத்திரம் காரணமல்லர். பருத்தியில் நீர் தெளிப்போரும், நல்ல சரக்கில் மட்டச் சரக்கைக் கலப்போரும் இருந்தால், வாங்குகிறவர் எல்லாருடைய சரக்கிலும் ஒரே கழிவைத் தள்ளுவார். யோக்கியன் மற்றவனுடைய குற்றத்திற்குத் தண்டம் செலுத்துவான். இக்கரிசல் நிலத்தின் கருங்கண்ணிப் பருத்திக்கு இத்தகைய கதி முன்பு நேர்ந்தது. முரட்டு இழையுடைய புளிச்சைப் பருத்தியை அதனுடன் கலந்தமையால் திருநெல்வேலிப் பருத்தியின் பெயரே கெட்டது. அதைத் தடுக்க 1932ஆம் ஆண்டில் சென்னை ராஜதானியில் தனிச் சட்டம் செய்ய வேண்டியதாயிற்று.

ஊர் வழக்கம் யாவும் தீயது என்றும் கொள்ளலாகாது. இவ்வட்டாரத்து வியாபார சமூகத்தார் விற்ற சரக்கின்மீது சிறு தொகை மகமையாக எடுத்துப் பொதுநிதி சேர்த்தனர். அந்நிதியால் பள்ளிக்கூடங்கள் எழுந்தன. மகமையும் ஒரு பிடித்தமே. ஆனால் அதன் விகிதம் முன்னதாகவே தெரியும். கணக்கும் சபையில் கேட்கப்படும். கணிசக் கழிவுக்கோ விகிதமும் இல்லை, கணக்கும் இல்லை. நல்ல வழக்கத்தையும் தீய வழக்கத்தையும் பகுத்தறிவதற்கு இவ்வொரு சோதனை போதும்.

ஆகையால் சங்கங்கள் செய்யத்தக்கவை சில உண்டு. தராசை உரிய காலத்தில் சரிபார்த்து முத்திரை பெறுதல் வேண்டும். வெறும் சாக்கைத் தனியே நிறுத்து, அந்த எடையை மாத்திரம் கழித்தல் வேண்டும். ஈரத்தையும் தூசியையும் அவரவர் சரக்கிலேயே சோதித்தல் வேண்டும். ஒவ்வொரு பிடித்தத்தையும் காரணத்துடன் ரசீதில் எழுதுதல் வேண்டும். அங்கத்தினர்களும் உலர்ந்த, கலப்பற்ற சரக்கையே கொண்டுவருதல் வேண்டும். தனியொருவர் கழிவை மறுத்தால் அவர் சரக்கு மூட்டையோடு திரும்பிப் போகும். சங்கத்தார் அனைவரும் ஒருங்கே மறுத்தால் வழக்கமே மாறும்.