சுவருக்கு இந்தப் பக்கம் மாலுமி, அந்தப் பக்கம் பூநாரை

உலகத்துக்கு யார் தலையாரி? – 11

நவி மும்பையின் நெருளில் பாம் பீச் ரோட்டிலிருந்து கரவே பக்கம் போனால் டி.எஸ். சாணக்யா வளாகம் வரும். டி.எஸ். என்றால் டிரெயினிங் ஷிப். ஆனால் தேடினாலும் கப்பல் கிடைக்காது, கட்டடம்தான் இருக்கிறது. 1927இல் ‘டஃபரின்’ என்ற நிஜக் கப்பலில் தொடங்கி, 1972இல் ‘ராஜேந்திரா’ என்ற கப்பலுக்கு மாறி, 1993இல் இங்கே கரையேறிவிட்ட பயிற்சிக் கூடம் இது. இப்போது இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகம். பல்கலைக்கழகத்தின் தலைமையகம் நம் சென்னை உத்தண்டியில். வளாகத்தை ஒட்டியே ஒரு சதுப்பு நிலம். நவம்பர் வாக்கில் வரும் பூநாரைகளை மே மாதம் வரை அங்கே பார்க்கலாம்.

சென்ற வாரம் பாதுகாப்பு சபையில் ஐந்து நாடுகளின் வீட்டோ அதிகாரத்தைப் பார்த்தோம். அதோடு உலக அமைப்புகள் எல்லாமே வெட்டிப் பேச்சு என்று முடிவுகட்டியவர்களை இந்த வாரம் நெருளுக்கு அழைக்கிறேன். இங்கே ஒரே இடத்தில் இரண்டு சர்வதேச ஒப்பந்தங்கள் அருகருகே கிடக்கின்றன. ஒன்று கடிக்கும். இன்னொன்று கடிக்காது.

கடிப்பதை முதலில் பார்ப்போம். இந்த வளாகத்தில் மூன்று வருடம் நாட்டிகல் சயின்ஸ் படிக்கும் கேடட், தீயை எப்படி அணைக்க வேண்டும், உயிர்காப்புப் படகை எப்படி இறக்க வேண்டும், எத்தனை மாதம் கடலில் வேலை பார்த்தபின் அதிகாரி பரீட்சை எழுதலாம் என்பதற்கெல்லாம் அடிப்படை லண்டனில் இருக்கிறது. ஐ.நா.வின் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 1978இல் மாலுமிகளின் பயிற்சிக்கும் சான்றிதழுக்கும் தரம் வகுத்து உருவாக்கிய எஸ்.டி.சி.டபிள்யூ. ஒப்பந்தம்தான் அது. ஆரம்பத்தில் அதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. ஒவ்வொரு நாடும் தனக்குத் தோன்றிய தரத்தில் சான்றிதழ் கொடுத்தது. 1995இல் ஒப்பந்தத்தைத் திருத்தினார்கள். விதிப்படி பயிற்சி தரும் நாடுகளின் ‘வெள்ளைப் பட்டியல்’ 2000இல் வெளிவந்தது. பட்டியலில் இல்லாத நாட்டின் சான்றிதழை வைத்துக்கொண்டு வெளிநாட்டுக் கப்பலில் வேலை தேடுவது பெரும்பாடு. இந்தியா பட்டியலில் இருப்பதால்தான் பெலாப்பூரிலும் சீவுட்ஸிலும் உள்ள மேனிங் ஏஜென்ட் அலுவலகங்களில், தூத்துக்குடியிலிருந்து வந்த பையனும் சி.டி.சி. என்ற மாலுமிப் பணிப் புத்தகத்தோடு வரிசையில் உட்கார முடிகிறது.

சரி, லண்டனில் உட்கார்ந்திருக்கும் அமைப்புக்குப் போலீஸ் இல்லையே, யார் பிடிப்பது? அதற்கு விடை ஒரு விபத்தில் பிறந்தது. 1978 மார்ச்சில் அமோக்கோ காடிஸ் என்ற எண்ணெய்க் கப்பல் பிரான்ஸின் பிரிட்டனி கரையில் உடைந்து, இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. கப்பலில் பறந்தது லைபீரியக் கொடி. (லைபீரியாவின் கப்பல் பதிவேட்டை இன்று அமெரிக்காவின் வர்ஜினியாவில் இருந்தபடி ஒரு கம்பெனி நடத்துகிறது. உலக அரசியலில் எனக்குப் பிடித்த நகைச்சுவைகளில் இது ஒன்று.) கொடி கொடுத்த நாடு கண்டிக்காது என்றால், கப்பல் வந்து நிற்கும் நாடு கண்டிக்கட்டும் என்று 1982இல் 14 ஐரோப்பிய நாடுகள் பாரிஸில் கூடி உடன்பாடு செய்தன. பிறகு மற்றக் கடல்களுக்கும் அதே ஏற்பாடு வந்தது. இந்துமாக்கடல் நாடுகளின் உடன்பாடு 1998இல் உருவானது. அதன் செயலகம் கோவாவில்.

நடைமுறை எளிது. எந்தக் கொடியோடு வந்தாலும் துறைமுகத்தின் ஆய்வாளர் கப்பலில் ஏறலாம். சான்றிதழ் சரியில்லை, உயிர்காப்புப் படகு பழுது என்றால் கப்பலை நகரவிடமாட்டார். நின்ற ஒவ்வொரு நாளும் முதலாளிக்கு நஷ்டம். இதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத நாட்டின் கப்பலுக்கும் சலுகை கிடையாது. வெளியே நின்று லாபம் பார்க்க முடியாது.

2006இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஜெனீவாவில் நிறைவேற்றிய கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தமும் இதே பிடியில் நிற்கிறது. இந்தியா அதை ஏற்றது 2015இல். இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை என்றால் மாலுமி ‘கைவிடப்பட்டவர்’. காப்பீட்டுக்காரர் நான்கு மாதச் சம்பள பாக்கி வரை தரவேண்டும், ஊருக்கும் அனுப்பவேண்டும். எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்லமாட்டேன். கோவிட் காலத்தில், 2020இல், ஒப்பந்தம் முடிந்தும் சைன் ஆஃப் ஆக முடியாமல் நான்கு லட்சம் மாலுமிகள் கப்பல்களில் மாட்டிக்கொண்டார்கள். கையெழுத்திட்ட நாடுகளே துறைமுகக் கதவைச் சாத்தின. 2024இல் கைவிடப்பட்ட மாலுமிகளில் இந்தியர்களே அதிகம் என்று சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் கணக்குச் சொன்னது. இருந்தாலும் முறையிட ஓர் இடம் இருக்கிறது.

இனி சுவருக்கு அந்தப் பக்கம். 1971 பிப்ரவரி 2ஆம் தேதி, ஈரானில் காஸ்பியன் கடலோரத்து ராம்சர் என்ற ஊரில் சதுப்பு நிலங்களுக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்தியா சேர்ந்தது 1982இல். தமிழ்நாட்டில் முதலில் பட்டியலில் ஏறியது கோடியக்கரை, 2002இல். இன்று இந்தியாவிலேயே அதிக ராம்சர் தலங்கள் நம்மிடம்தான். 2022 ஆகஸ்டில் வடுவூர், சுசீந்திரம் தேரூர் முதலியவற்றோடு ஒரே அறிவிப்பில் வந்தது நெருளை ஒட்டிய தானே கிரீக்: சுமார் 6,500 ஹெக்டேர்.

ஆனால் அந்த ராம்சர் எல்லைக் கோட்டுக்குள் சாணக்யா சதுப்பு நிலம் இல்லை. பூநாரை நீர் வற்றும் நேரத்தில் கிரீக்கின் சேற்றில் மேயும். ஓதம் ஏறியதும் சேறு முழுகிவிடும். அப்போது அது பறந்து வந்து நிற்கும் இடங்கள்தான் சாணக்யா, என்.ஆர்.ஐ. காம்ப்ளெக்ஸ், டி.பி.எஸ். பள்ளிப் பக்கத்துக் குட்டைகள். சாப்பாட்டு அறைக்குப் பாதுகாப்பு, படுக்கை அறைக்கு இல்லை. கோட்டை வரைவது ராம்சர் அமைப்பு அல்ல, அந்தந்த நாட்டு அரசு. அவசர தேசிய நலன் என்று சொல்லி அதைச் சுருக்கவும் ஒப்பந்தத்திலேயே வழி இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் கிளாண்டில் உள்ள செயலகம் கடிதம் எழுதலாம். அதற்கு மேல் போனால், சீரழிந்த தலங்களுக்கான மான்ட்ரூ பதிவேட்டில் பெயரைச் சேர்க்கலாம், அதுவும் அந்த நாடு சம்மதித்தால். சிலிகா ஏரி 1993இல் அதில் சேர்ந்தது. ஒடிசா அரசு 2000இல் கடலுக்குப் புதிய முகத்துவாரம் வெட்டியது. 2002இல் பெயர் நீங்கியது. வெட்ட ஒடிசாவுக்கு மனம் இருந்தது, மீனவர்களுக்கும் தேவை இருந்தது. அந்த மனம் இல்லாத ஊரில் பதிவேடு என்ன செய்யும்?

நெருளில் நிலம் நவி மும்பையை நிர்மாணித்த அரசு நிறுவனமான சிட்கோ வசம். என்.ஆர்.ஐ., சாணக்யா பகுதியில் கோல்ஃப் மைதானமும் குடியிருப்பும் கட்டத் திட்டம் வந்தது. அது சதுப்பு நிலமே அல்ல என்பது சிட்கோ தரப்பு வாதம். உள்ளூர்க்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2018இல் மும்பை உயர்நீதிமன்றம் திட்டத்தைத் தடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கடலில் பாரிஸ் ஏற்பாடு செய்ததை இங்கே செய்ய வேறு நாடு எதுவும் வரமுடியாது. சதுப்பு நிலம் எந்தத் துறைமுகத்துக்கும் போய் நிற்பதில்லை.

டி.பி.எஸ். குட்டையில் கடல்நீர் உள்ளே வரும் வழி அடைபட்டு, 2024 ஏப்ரலில் பூநாரைகள் செத்து விழுந்தன. குடியிருப்போர் மனு எழுதினார்கள், நாளிதழ்கள் எழுதின. 2025இல் மாநில வனவிலங்கு வாரியம் அதைப் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்க ஒப்புக்கொண்டது. சாணக்யா பக்கத்து நிலத்துக்கு அந்த முடிவு பொருந்தாது.

அடுத்த வாரம் கிரீக்கைத் தாண்டி நவா ஷேவா துறைமுகம்: உலக வங்கி கொடுத்த கடனும் அது கேட்ட நிபந்தனைகளும்.

(தொடரும்)