இரண்டு கார்டு, ஒரே முகவரி

1994இல் அமெரிக்காவின் நாசா கோடார்ட் விண்வெளி மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்டு பெக்கரும் கடையில் கிடைக்கும் சாதாரண 486 ரகக் கணினிகள் 16ஐ இணைத்து ‘பியோவுல்ஃப்’ என்ற தொகுப்பைக் கட்டினார்கள். நொடிக்கு 10 மெகாபிட் ஓடும் அன்றைய ஈதர்நெட் அதற்குப் போதவில்லை. வேகமான வலையமைப்புக்குப் பணம் கொட்ட வேண்டும். பெக்கர் மாற்று வழி பிடித்தார்: ஒரே கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட நெட்வொர்க் கார்டுகள், அவற்றுக்கிடையே சுமையைப் பங்கிடும் லினக்ஸ் டிரைவர். லினக்ஸ்காரர்கள் இதை இன்றும் பாண்டிங் என்கிறார்கள். விண்டோஸ் பக்கம் டீமிங். விண்டோஸ் சர்வர் 2012 வரும்வரை அங்கே கார்டு தயாரிப்பாளர் தரும் மென்பொருளைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

ஏற்பாடு எளிமையானது. இரண்டு, நான்கு கார்டுகளுக்கு மேல் ஒரு மெய்நிகர் கார்டு. ஐ.பி. முகவரி அதற்குத்தான். மேலே ஓடும் மென்பொருளுக்குக் கீழே எத்தனை கேபிள் என்பதே தெரியாது.

பலரும் ஏமாறுவது வேகக் கணக்கில். இரண்டு 1 ஜிகாபிட் கார்டைச் சேர்த்தவர் ஒரு பெரிய கோப்பை நகலெடுத்துப் பார்ப்பார். பழைய வேகம்தான் வரும். பழுது எதுவும் இல்லை. கிணற்றில் நான்கு ராட்டினம் மாட்டினாலும் ஒரு குடம் ஒரு கயிற்றில்தான் ஏறும். பாக்கெட்டுகளை மாற்றி மாற்றி இரு கேபிளிலும் அனுப்பினால் வரிசை குலைந்து போய்ச் சேரும், டி.சி.பி. அதைத் தொலைந்த பாக்கெட் என்று எண்ணி மறுபடி அனுப்பும், வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். ஆகவே பெரும்பாலான முறைகளில், அனுப்புபவர், பெறுபவர் முகவரிகளையும் சிலசமயம் போர்ட் எண்களையும் வைத்து ஒரு கணக்குப் போட்டு, ஓர் உரையாடல் முழுவதையும் ஒரே கேபிளில் விடுகிறார்கள். நூற்றுக்கணக்கானோர் பேசும் வலைச் சர்வரில் சுமை ஓரளவு பிரியும். ஒரே ஒரு பேக்கப் சர்வரோடு பேசினால் மற்ற கேபிள் சும்மா கிடக்கலாம். திரும்பி வரும் போக்குவரத்தைப் பிரிப்பது சுவிட்சின் வேலை. இரு தரப்பும் பேசி ஒத்துப்போகத்தான் எல்.ஏ.சி.பி. என்ற நெறிமுறை 2000இல் ஈதர்நெட் தரத்தில் சேர்ந்தது.

டீமிங்கின் உண்மையான லாபம் வேகம் அல்ல, நிற்காமல் ஓடுவது. ஒரு கார்டு வேலை செய்ய, இன்னொன்று காத்திருக்கும் முறையே என் பார்வையில் பெரும்பாலான சின்ன அலுவலகங்களுக்குப் போதும். சுவிட்சில் தனி அமைப்புகூட வேண்டாம். ஓடும் கார்டு விழுந்தால் காத்திருந்தது பொறுப்பேற்று, “இந்த முகவரி இனி இந்த வழியில்” என்று வலையமைப்புக்கு அறிவிக்கும். ஆனால் யாராவது கண்காணிக்க வேண்டுமே! லினக்ஸில் 100 மில்லிநொடிக்கு ஒருமுறை இணைப்பைச் சோதிப்பது வழக்கம். அந்த இடைவெளியைச் சுழியமாக விட்டால் இந்தச் சோதனையே நடக்காது.

இதிலும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. சர்வருக்கும் சுவிட்சுக்கும் இடையிலான கேபிள் நன்றாயிருந்து, சுவிட்சுக்கு அப்பால் அறுந்தால் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அதற்கு, கேட்வேக்கு ஏ.ஆர்.பி. கேள்வி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் முறையைப் பயன்படுத்தலாம். இரு கேபிளையும் ஒரே சுவிட்சில் செருகினால் அந்த சுவிட்ச் போனால் எல்லாம் போச்சு. ஒரே கார்டின் இரண்டு போர்ட்டுகளைச் சேர்ப்பதும் பாதிக் காப்புதான்.

அமைத்து முடித்தவுடன் பிங் ஓடவிட்டு ஒரு கேபிளைப் பிடுங்குங்கள். திரும்பச் செருகி, இணைப்பு மீண்டதும் மற்றதைப் பிடுங்குங்கள். சர்வரை வேலைக்கு விடும் முன் இதைச் செய்துவிடுங்கள்.