கடுகளவு முட்டையை நம்பி 9 ஆயிரம் மைல்!

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் டெலாவேர் விரிகுடா என்று ஒன்று உண்டு. மே மாதம் பிறந்துவிட்டால், அந்தக் கடற்கரையில் ஒரு பெரிய விருந்து நடக்கும்.

விருந்தாளிகள் யார் தெரியுமா? 'ரெட் நாட்' என்னும் பறவைகள்! நம் ஊர் உள்ளான் இனத்துக்கு உறவு. மைனா அளவுதான் இருக்கும். வசந்த காலத்தில் இதன் மார்பு செங்கல் நிறமாக மாறிவிடும்.

நெடும் பயணம்

இந்தப் பறவைகளில் பல, தென் அமெரிக்காவின் தென்கோடியிலிருந்து புறப்படுகின்றன. போகும் இடம், வட துருவத்தை அடுத்த கனடா நாட்டுப் பனிவெளி. அங்கேதான் குஞ்சு பொரிக்கும். ஒரு வழிக்கு மட்டும் 9 ஆயிரம் மைலுக்கு மேல்!

பல நாட்கள் நிற்காமல் பறந்து, எலும்பும் தோலுமாக டெலாவேர் கரையில் வந்து இறங்குகின்றன. இரண்டே வாரத்தில் உடம்பைத் தேற்றிக்கொள்ள வேண்டும். உடல் எடை சுமார் 180 கிராமை எட்டினால்தான் மீதித் தூரத்தைக் கடந்து முட்டையிட முடியும்.

லாட நண்டு

அதே நாட்களில் கடலிலிருந்து குதிரை லாட நண்டுகள் கரையேறுகின்றன. பெயர்தான் நண்டு. உண்மையில் இது தேளுக்கும் சிலந்திக்கும் உறவு. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிக் கடல் பொங்கும்போது, மணலில் கடுகு போன்ற பச்சை முட்டைகளை இட்டுச் செல்லும். அந்த முட்டைகள்தான் பறவைகளுக்கு விருந்து.

வந்தது வினை

1990-களில் மீனவர்கள் இந்த நண்டுகளை லட்சக்கணக்கில் அள்ளினார்கள். எதற்கு? விலாங்கும் சங்கும் பிடிக்கும் பொறிகளில் இரையாக வைப்பதற்கு! நண்டு குறைந்தது, முட்டை குறைந்தது, பறவைகள் அரை வயிற்றோடு வடக்கே போயின. 1980-களில் 90 ஆயிரத்துக்கு மேல் கூடிய கரையில், 2021-ல் எண்ணப்பட்டவை 7 ஆயிரத்துக்கும் குறைவு!

நாய்களும் மனிதர்களும் கரையில் ஓடினாலும் ஆபத்துதான். மிரண்டு மிரண்டு பறந்தால், தின்றதெல்லாம் வீண்.

விழித்துக்கொண்ட அரசு

2008-ல் நியூஜெர்சி மாநிலம் லாட நண்டு பிடிக்கத் தடை போட்டது. 2014-ல் அமெரிக்க அரசு இந்தப் பறவையை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனங்களின் பட்டியலில் சேர்த்தது. பறவைகள் வரும் நாட்களில் சில கரைகளில் மக்கள் நடமாட்டமும் நிறுத்தப்படுகிறது. ஆனாலும் ஒரு லாட நண்டு வளர்ந்து முட்டையிடச் சுமார் 10 ஆண்டு ஆகும். ஆகவே, அழித்ததை உடனே ஈடு செய்ய முடியாது.

சந்திரப் பறவை

1995-ல் அர்ஜென்டினாவின் தென்கோடியில் ஒரு பறவையைப் பிடித்து, காலில் அடையாள வளையம் மாட்டி விட்டார்கள். பிறகு அது 'பி-95' என்ற பெயரில் புகழ் பெற்றது. 2014-லும் அது டெலாவேர் கரைக்கு வந்திருந்தது! அதுவரை அது பறந்த தூரம், பூமியிலிருந்து சந்திரனுக்குப் போகும் தூரத்தைவிட அதிகம்.

புயலையும் கடலையும் 19 ஆண்டுகள் வென்ற பறவை அது. ஆனால் எத்தனை வலிய சிறகானாலும், வந்து இறங்கும் கரையில் ஒரு வேளைச் சோறு இருக்க வேண்டும் அல்லவா?