சென்னைக்குப் போனால் எங்கே தங்கலாம், எப்படிச் சுற்றிப் பார்க்கலாம்?



கண்காட்சி, பயிற்சி, ஆஸ்பத்திரி, பிள்ளைகளின் இன்டர்வியூ என்று நம் குழுப் பெண்கள் பலர் சென்னைக்குப் போய் வருகிறோம். "அங்கே என்னக்கா பார்த்தீங்க?" என்று கேட்டால், "என்னத்தப் பார்த்தோம், போன வேலை முடிஞ்சது, பஸ் ஏறி வந்துட்டோம்" என்பதுதான் பதில். இதற்குக் காரணம் இரண்டு. ராத்திரி எங்கே தங்குவது என்ற பயம் ஒன்று. ஊர் பார்ப்பது தண்டச் செலவு என்ற எண்ணம் இன்னொன்று. தங்கும் இடத்தை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால் பயம் பாதி போய்விடும். செலவும் நாம் நினைக்கிற அளவுக்கு வராது.

எங்கே தங்குவது?

முதலில் ஒரு விஷயம். தங்கும் இடம் முடிவாகாமல் ஊரிலிருந்து பஸ் ஏறக்கூடாது. பஸ் ஸ்டாண்டில் யாராவது வந்து "ரூம் வேணுமாம்மா?" என்று கூப்பிட்டால் போகவே கூடாது.

கண்காட்சி, பயிற்சி என்றால் தங்குவதற்கு ஏற்பாடு உண்டா என்று அழைத்தவர்களிடம் முதலிலேயே கேளுங்கள். இல்லை என்றால் மகளிர் விடுதிகள் இருக்கின்றன. அரசின் 'தோழி' விடுதிகள் அடையாறு, தாம்பரம், கூடுவாஞ்சேரி ஆகிய இடங்களில் உள்ளன. வேலை பார்க்கும் பெண்களுக்கான இந்த விடுதிகளில் மாதக் கணக்கில் மட்டுமல்ல, நாள் கணக்கிலும் தங்கலாம். வேப்பேரியில் ஒய்.டபிள்யூ.சி.ஏ. விருந்தினர் இல்லம் இருக்கிறது. தனியார் லேடீஸ் ஹாஸ்டல்களிலும் சில இடங்களில் நாள் வாடகைக்குக் கட்டில் கிடைக்கும். தனியார் விடுதி என்றால், 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். "உரிமம் இருக்கா?" என்று தைரியமாகக் கேளுங்கள். அது நம் உரிமை.

போனில் கேட்க வேண்டியவை:

* ஒரு கட்டிலுக்கு ஒரு நாள் வாடகை எவ்வளவு? சாப்பாடு சேர்த்தா, தனியா?
* அட்வான்ஸ் உண்டா? திருப்பித் தருவார்களா?
* ஒரு அறையில் எத்தனை பேர்? பூட்டுப் போட அலமாரி உண்டா?
* ராத்திரி எத்தனை மணிக்குக் கேட் பூட்டுவார்கள்?
* விற்பனைச் சரக்கு மூட்டை வைக்க இடம் உண்டா?

கட்டிய பணத்துக்கு ரசீது வாங்குங்கள். ஆதார் கேட்டால் நகல் கொடுங்கள். அசல் அட்டையை விட்டுவிட்டு வரவேண்டாம். அறைக்குப் போனதும் கதவுத் தாழ்ப்பாள், ஜன்னல், குளியலறை மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் பையை இறக்க வேண்டும்.

எப்படிப் போவது?

தென்மாவட்டத்து அரசு பஸ்கள் பெரும்பாலும் இப்போது கிளாம்பாக்கத்தில்தான் நிற்கும். அந்த பஸ் நிலையம் 2023 டிசம்பரில் திறக்கப்பட்டது. விடிவதற்கு முன் இறங்கினால் அவசரப்பட்டு ஆட்டோ பிடிக்காமல், வெளிச்சம் வரும்வரை உள்ளேயே உட்கார்ந்திருங்கள். பிறகு டவுன் பஸ்ஸில் தாம்பரம் வந்து மின்சார ரயில் பிடிக்கலாம். குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய்தான். பெண்களுக்குத் தனிப் பெட்டி உண்டு.

சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நம்ம ஊர் டவுன் பஸ் மாதிரியேதான். கட்டணம் இல்லாவிட்டாலும் கண்டக்டரிடம் டிக்கெட் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள். சொகுசு பஸ், ஏ.சி. பஸ்களுக்கு இது பொருந்தாது. சந்தேகம் இருந்தால் ஏறும் முன் கேட்டுவிடுங்கள்.

ஒரு நாளில் என்ன பார்க்கலாம்?

காலையில் அம்மா உணவகத்தில் இட்லி ஒன்று 1 ரூபாய். ஐந்து இட்லி 5 ரூபாயில் முடிந்தது. அங்கிருந்து எழும்பூர் அரசு அருங்காட்சியகம். 1851-இல் தொடங்கியது. சோழர் காலத்து ஐம்பொன் சிலைகளை அங்கே பக்கத்தில் நின்று பார்க்கலாம். கோயிலில் தள்ளி நின்று கும்பிட்ட சிலையின் விரலும் நகையும் இங்கே தெளிவாகத் தெரியும். வெள்ளிக்கிழமை விடுமுறை, மறக்க வேண்டாம்.

மதியம் மறுபடியும் அம்மா உணவகம். சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. ஆக ஒருவருக்கு இரண்டு வேளைச் சாப்பாடு 13 ரூபாய்.

பிறகு நுங்கம்பாக்கம் வள்ளுவர் கோட்டம் பக்கத்தில் உள்ள அன்னை தெரசா மகளிர் வளாகம். நம் மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தின் தலைமை அலுவலகம் அங்கேதான். மற்ற மாவட்டத்துக் குழுக்களின் பொருட்கள் அங்கே விற்பனைக்கு வருகின்றன. பாக்கெட் எப்படி, லேபிள் எப்படி, விலை எவ்வளவு என்று குறித்து வாருங்கள். நம் ஊறுகாய்க்கும் பினாயிலுக்கும் அது ஒரு பயிற்சி வகுப்பு.

சாயங்காலம் மெரினா. அண்ணா, எம்.ஜி.ஆர். நினைவிடங்களுக்குக் கட்டணம் இல்லை. கடலில் கால் நனைத்தால் போதும். அங்கே அலை இழுக்கும், உள்ளே இறங்க வேண்டாம். கேட் பூட்டும் நேரத்துக்கு முன் விடுதிக்குத் திரும்பிவிடுங்கள்.

பணம் எங்கிருந்து?

குழுச் சேமிப்பு, சுழல்நிதி, வங்கிக் கடன் எதையும் இதற்குத் தொடக்கூடாது. போக விரும்புகிறவர்கள் மட்டும் வாரம் 20 ரூபாய் தனியாகப் போட்டால், 25 வாரத்தில் 500 ரூபாய் சேரும். அதற்குத் தனி நோட்டுப் போட்டு, ஒவ்வொரு வாரமும் வரவு எழுதுங்கள்.

வீட்டில் என்ன சொல்வார்கள்?

இதுதான் பெரிய கேள்வி. ஆண்கள் சபரிமலை, மாநாடு என்று நாலு நாள் போய் வந்தால் யாரும் கணக்குக் கேட்பதில்லை. பெண் ஒரு நாள் கூடுதலாகத் தங்கினால் நூறு கேள்வி. சண்டை போடத் தேவையில்லை. மறைக்கவும் தேவையில்லை. விடுதி முகவரி, போன் நம்பர், திரும்பும் நாள் மூன்றையும் எழுதி வீட்டிலும் ஊக்குநரிடமும் கொடுங்கள். தனியாகப் போகாமல் மூன்று நாலு பேராகப் போங்கள். பணத்தை இரண்டு மூன்று இடத்தில் பிரித்து வையுங்கள். ஆபத்து என்றால் 112, பெண்கள் உதவிக்கு 181.

இருபது வருஷமாக அடுப்படி, வயல், குழு, வங்கி என்று ஓடுகிறவளுக்கு ஒரு நாள் கடற்கரையில் உட்கார உரிமை இல்லையா?

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டிப் பேசுங்கள். நம் குழுவில் இதுவரை கடலே பார்க்காதவர்கள் எத்தனை பேர் என்று ஒருமுறை கை தூக்கச் சொல்லுங்கள். அவர்கள் பெயரை முதலில் எழுதுங்கள்.