கெளுத்தி மாட்டினால் முதலில் அடையாளம் பாருங்கள்!

“ஏரியில தூண்டில் போட்டேன் சார். ரெண்டு கிலோவுக்கு மேல ஒரு கெளுத்தி மாட்டிச்சு. இவ்ளோ பெருசா இருக்கே, திரும்ப ஏரியிலயே விட்டுடலாமா?”

நெல், உரம், பூச்சி பற்றிய கேள்விகள் முடிந்து டீ குடிக்கும் நேரத்தில் விவசாயிகள் என்னிடம் கேட்கும் கேள்வி இது. விட வேண்டாம் என்பதுதான் பதில். காரணத்தை ஏரிப் பாசனத்தில் பயிர் செய்யும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்வது நல்லது.

உத்திரமேரூர் ஏரியின் பழைய பெயர் வைரமேக தடாகம். பல்லவர் காலத்து ஏரி. வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ள முதலாம் பராந்தகச் சோழனின் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையைச் சொல்வது எல்லோருக்கும் தெரியும். அந்த முறையில் ஏரி வாரியத்துக்கு மட்டும் 6 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏரியைக் கவனிப்பது ஊரின் வேலை என்பது இங்கே 1,100 ஆண்டுப் பழக்கம்.

மாலை நேரத் தூண்டில்

கெளுத்தி வகை மீன்கள் இருட்டில் இரை தேடுபவை. கண்ணை நம்புவதில்லை, மீசையால் தரையைத் தடவி மண்புழு, பூச்சி, சின்ன மீன்களைக் கண்டுபிடிக்கும். அதனால்தான் பொழுது சாயும்போது தூண்டில்காரர்கள் கரையில் வந்து உட்காருகிறார்கள். நைலான் நரம்பு, முள், இரை தரையைத் தொடும்படி ஒரு ஈயம், மேலே தக்கை, வாழைத்தோப்பில் தோண்டிய மண்புழு. செலவு அவ்வளவுதான்.

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை, கரையில் தூண்டில் போட்டிருந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஏரிக்குக் கீழே ஒன்றரை ஏக்கர் நெல் வைத்திருப்பவர். “கெண்டைன்னா கொத்திக் கொத்தி விளையாடும் சார். கெளுத்தி அப்படியில்ல, முழுங்கிட்டு நேரா கீழ இழுக்கும்” என்றார். இருட்டுவதற்குள் அவருக்கு விரல் நீளத்தில் நாலு கெளுத்தி கிடைத்தது. பிறகு தக்கை ஒரேயடியாகக் காணாமல் போனது. இழுத்துப் போட்டால் முழங்கையளவு மீன். உடம்பெல்லாம் சாம்பல் நிறத்தில் திட்டுத்திட்டாக இருந்தது. “இது வந்தப்புறம் தேளி கொறைஞ்சு போச்சு சார்” என்றார். அது ஆப்பிரிக்கக் கெளுத்தி.

நம் மீன் எது, வந்த மீன் எது?

*கெளுத்தி (கெளிறு):* வெள்ளி நிறம், சிறிய உடம்பு. முதுகிலும் இரு பக்கமும் கூர்மையான முள். வாலுக்கு முன்னால் முதுகில் சதை போன்ற ஒரு துடுப்பு இருக்கும்.

*தேளி:* ஒல்லியான, நீண்ட, கருஞ்சிவப்பு அல்லது கறுப்பு உடம்பு. முதுகுத் துடுப்பு மிகச் சிறியது. பக்கவாட்டு முள்ளில் விஷம் உண்டு.

*மசறை:* நாட்டு வகை. முதுகுத் துடுப்பு தலைக்குப் பின்னால் தொடங்கி வால் வரை நீளும். பழுப்பு நிறம். ஒரு கிலோவை எட்டுவது அபூர்வம்.

*வாளை:* வாய் மிகப் பெரியது. மற்ற மூன்றுக்கும் நாலு ஜோடி மீசை. வாளைக்கு இரண்டு ஜோடி மட்டும்.

*ஆப்பிரிக்கக் கெளுத்தி:* மசறை போலவே நீண்ட முதுகுத் துடுப்பு. ஆனால் தலை தட்டையாக, அகலமாக இருக்கும். உடம்பில் சாம்பல் திட்டுகள், வெளுத்த வயிறு. சில மாதங்களிலேயே ஒரு கிலோவைத் தாண்டிவிடும். சிறிய குஞ்சுகளை மசறையிலிருந்து பிரித்தறிவது கடினம். சந்தேகம் வந்தால் படம் எடுத்து மீன்வளத் துறை அலுவலகத்தில் காட்டுங்கள்.

ஏன் இதற்குத் தடை?

1990-களில் அனுமதியின்றி நம் நாட்டுக்குள் வந்த மீன் இது. 2000-ல் மத்திய அரசு இதன் வளர்ப்பைத் தடை செய்தது. ஆனாலும் கோழிக்கழிவு போட்டுக் குழிகளில் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு பெருமழையில் குழி நிரம்பி வழிந்தால் போதும், மீன் ஓடைக்கு வந்துவிடும். ஓடையிலிருந்து ஏரி, ஏரியின் கலங்கலிலிருந்து அடுத்த ஏரி. நம் மாவட்டத்து ஏரிகள் சங்கிலி போல இணைந்தவை. ஓர் ஊரில் நுழைந்தது அந்த ஊரோடு நிற்காது.

மற்ற மீன்களின் முட்டை, குஞ்சு, தவளை என்று கிடைத்ததை எல்லாம் தின்னும். காற்றையும் சுவாசிக்கும் என்பதால் கோடையில் சேறாகிப்போன ஏரியிலும் தாக்குப்பிடிக்கும். தேளி, மசறைக்கும் அந்தத் திறமை உண்டு. ஆனால் உருவத்திலும் பசியிலும் இதனோடு அவற்றால் போட்டி போட முடியாது. குத்தகைக்காரர் விட்ட கட்லா, ரோகு குஞ்சுகளும் இதற்கு இரைதான்.

ஆகவே தூண்டிலில் மாட்டினால் திரும்ப விடாதீர்கள். உயிரோடு எடுத்துப்போய் கிணற்றிலோ பண்ணைக்குட்டையிலோ விடவே கூடாது. அங்கேயே கொன்றுவிடுங்கள். கழிவுநீர் கலக்கும் இடத்தில் பிடித்தது என்றால் சமைக்கவும் வேண்டாம்.

வயலில் செய்ய வேண்டியது

நாட்டுக் கெளுத்தியைக் காப்பாற்றும் வேலையில் பாதி நம் வயலில் இருக்கிறது. புதுத் தண்ணீர் வந்ததும் இவை முட்டையிட வாய்க்காலிலும் நெல் வயலிலும் ஏறும். அப்போது வாய்க்காலை அடைத்துப் பறி வைத்தால், வயிறு பெருத்த ஒரு மீனோடு ஆயிரக்கணக்கான குஞ்சுகளும் போய்விடும். சினை மீனை விட்டுவிடுங்கள்.

சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகள் மீனுக்குக் கொடிய விஷம். நெல்லில் அவற்றை அடித்தால் புகையான் அடங்குவதற்குப் பதில் பெருகும். மீனுக்காக இல்லாவிட்டாலும் பயிருக்காக அவற்றைத் தவிருங்கள். எந்த மருந்து தெளித்தாலும் சில நாட்களுக்கு வயல் தண்ணீரை வெளியே வடிக்காதீர்கள். தெளிப்பானை வாய்க்காலில் கழுவாதீர்கள்.

வெடி வைத்தும், விஷம் கலந்தும் மீன் பிடிப்பது 1897-ம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டப்படியே குற்றம்.

வாசகர்கள் கேட்பவை

*தேளி குத்திவிட்டால் என்ன செய்வது?*
குத்திய இடத்தைக் கழுவி, பொறுக்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்திருங்கள். இந்த விஷம் சூட்டில் வீரியம் இழக்கும். வலியில் மரத்த கைக்குச் சூடு தெரியாது. ஆகவே மற்ற கையால் தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள். முள் உடைந்து உள்ளே இருந்தாலோ, வீக்கம் ஏறினாலோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள். தடுப்பூசியும் தேவைப்படலாம்.

*தூண்டில் போட அனுமதி வேண்டுமா?*
மீன் பாசி குத்தகை விட்டிருக்கும் ஏரியில் குத்தகைதாரரிடம் கேட்டுக்கொண்டுதான் போட வேண்டும். டார்ச் எடுத்துப் போங்கள். கரையில் பாம்பு உண்டு. கலங்கல் வழியும்போது அதன் பக்கம் போகாதீர்கள்.

*ஏரிக்குள் ஆப்பிரிக்கக் கெளுத்தி வராமல் தடுக்க ஊர் என்ன செய்யலாம்?*
குஞ்சு விடும் நாளில் ஆயக்கட்டு விவசாயிகள் இரண்டு பேராவது கரையில் நிற்க வேண்டும். குஞ்சு எந்தப் பண்ணையிலிருந்து வந்தது என்று ரசீதைக் கேளுங்கள். பக்கத்தில் யாராவது குழி வெட்டி இந்த மீனை வளர்த்தால் மழைக்கு முன்பே மீன்வளத் துறைக்குத் தெரிவியுங்கள். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைக் கூட்டங்களில் இதை ஒரு பொருளாக வையுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் குழியை மூடிவிட்டால் ஏரி பிழைக்கும்.